விரதத்துக்காக நிறுத்திய கேப்சூல்

பவானேஸ்வரி ஓட்டும் பேக்டரி பஸ்ஸில் நாற்பத்து நான்கு இருக்கைகள். விடியுமுன் மலாக்கா பக்கத்து ஜாசினில் கிளம்பி, வழியிலுள்ள தாமான் குடியிருப்புகளில் ஆள் ஏற்றி, ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஏழு மணி ஷிப்டுக்கு இறக்கிவிட வேண்டும். ஆறு வருடத்தில் அவள் பிந்தியது இரண்டே முறை. ஒருமுறை வெள்ளம். மற்றொரு முறைக்கு என்ன காரணம் என்று பஸ் கம்பெனி சூப்பர்வைசர் கேட்டபோது, "சுகர் எறங்கிருச்சு ஸேர்" என்றாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

அன்று நடந்தது இதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் ஏறித் தூங்கத் தொடங்கிவிட்டார்கள். ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். கை போகவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. கையை நீட்டு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மடியில் கிடந்த கை யாரோ விட்டுப்போன பொருள் போல அப்படியே கிடந்தது. இருபத்தைந்து நிமிடம். பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "அக்கா, நம்ம போறோமா இல்ல இங்கயே ஷிப்ட் போடறோமா?" என்று கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எப்படியோ கை நகர்ந்தது.

அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன் திவாகர் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். மகள் ஜொகூரில் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வீடு சொந்த வீடு. அவள் இப்படி எதிலும் ஒட்டாமல் இருந்த மூன்று மாதமும் திவாகர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "என்னலா கொறை உனக்கு?" அவளும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். குறை எதுவும் அகப்படவில்லை. குறை இல்லாமலே இப்படி இருப்பது இன்னும் பெரிய குற்றம் போலத் தோன்றியது.

அரசாங்கக் கிளினிக்குக்கு அவள் போகாமல் இல்லை. மூன்று முறை போனாள். முதல்முறை வயிறு எரிகிறது என்றாள், வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். இரண்டாவது முறை முதுகு, தைலம் கிடைத்தது. மூன்றாவது முறை தலைவலி. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டாள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது, மகள் போனில் பேசும்போது எப்போது வைப்பாள் என்று காத்திருப்பது, இதையெல்லாம் நோயென்று அவள் நினைக்கவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது முறை உள்ளே இருந்தவர் டாக்டர் வதனா. மலாக்கா டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டுத் தமிழ் இன்னும் நாக்கில் ஒட்டியிருந்தது. நர்ஸ் ஏற்கனவே ஒரு தாளைக் கொடுத்திருந்தாள், மலாயில் ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, தூக்கம் கெட்டதா, தன்னைப் பற்றியே கேவலமாகத் தோன்றியதா. பவானேஸ்வரி ஒன்பதுக்கும் 'இல்லவே இல்லை' என்று கோடு போட்டிருந்தாள். பஸ் ஓட்டுகிறவள். ஏதாவது எழுதப்போய் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டால்?

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"வீட்டில சமையல் நீங்கதானே?"

"ஆமா டாக்டர்."

"ருசி தெரியுதா?"

"மூணு மாசமா உப்பு போதுமான்னு அவரக் கேட்டுத்தான் எறக்கறேன்."

அதன்பிறகு தாளை மறுபடி எடுத்து, இருவரும் ஒவ்வொரு கேள்வியாகப் போனார்கள். இந்த முறை கோடுகள் வேறு கட்டங்களில் விழுந்தன.

டாக்டர் இன்னும் சில கேட்டார். நித்திரையே தேவைப்படாமல், ஊரையே விலைக்கு வாங்கலாம் போலக் குஷியாக இருந்த நாட்கள் எப்போதாவது உண்டா? இல்லை. அப்படி இருந்திருந்தால் அது வேறு வகை, மருந்தும் வேறு என்றார். தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "உங்கட குடும்பத்தில வேற யாருக்கும்?"

பவானேஸ்வரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். அம்மா குஞ்சம்மா. லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவள். தம்பி பிறந்த பிறகு நான்கு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கவில்லை. லயத்தில் எல்லோரும் 'காத்து' என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். பிறகு ஒருநாள் எழுந்து வேலைக்குப் போனாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

"பிள்ளை பெத்த பிறகு வர்றதும் இதில ஒரு வகைதான்," என்றார் டாக்டர். "சிலருக்கு லேசா, வருஷக்கணக்கா இழுக்கும். குணமே அப்படித்தான் எண்டு விட்டுடுவாங்க. உங்களுக்கு வந்திருக்கிறது ஒரேயடியா இறங்கிற வகை. குடும்பத்தில இருந்தா வாற சாத்தியம் கூட. அதோட நீங்க பல வருஷமா நாலு மணிக்கு எழும்புறீங்க. காரணம் ஒண்டாத்தான் இருக்க வேணும் எண்டில்ல."

"எனக்குக் கொறை ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"பிரஷர் வந்தவங்களைப் பார்த்து என்ன குறை எண்டு கேப்பீங்களா?"

காலையில் ஒரு கேப்சூல். வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மாதம் ஒருமுறை கவுன்சிலரிடம் பேச வேண்டும். தினம் நடக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பஸ் ஓட்டக் கூடாது. எம்.சி. விடுப்புச் சீட்டில் நோயின் பெயர் இல்லை. அது பவானேஸ்வரிக்குப் பெரிய ஆறுதல்.

மருந்து வேலை செய்தது. ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பை வாயில் வைத்தவள், உப்பு கூடிவிட்டது என்று தானே கண்டுபிடித்தாள். அடுத்த மாதங்களில் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பியது.

எட்டு மாதம் கழித்து மாசி மகம் வந்தது.

செங்கில் உள்ள சன்னாசிமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டியிருந்தாள். குணமானதற்கு நன்றி, அவ்வளவுதான். அவளுடைய தாமானிலிருந்து போகும் குழுவுக்கு அங்கமுத்து தலைவர். ஓய்வு பெற்ற ஸ்கூல் காவலாளி. இருபத்தொரு நாள் விரதத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். குழுவின் முதல் கூட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"பிஸ்கட் பாக்கெட்ட திருப்பிப் பாருங்க. கேக்குல முட்டை. ஜெல்லி மிட்டாயில மாடு. டூத்பேஸ்டையும் விடாதீங்க."

"அண்ணே, மூச்சு விடலாமா, இல்ல அதையும் திருப்பிப் பாக்கணுமா?" என்றாள் ஒருத்தி.

"நீ விடாட்டியும் பரவால்ல," என்ற அங்கமுத்து தொடர்ந்தார். "மருந்து சாப்படறவங்களும் கேட்டுக்குங்க. மாத்திரை ஓகே. கேப்சூல் இருக்குல்ல, அதோட தோலு மாட்டு எலும்புல செய்யறது."

பவானேஸ்வரி வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் நளினிக்குப் போன் போட்டாள். மஸ்ஜித் தானா டவுனில் ஒரு மருந்துக் கடையில் கேஷியராக இருப்பவள் நளினி. யாருக்கு என்று சொல்லாமல் கேட்டாள்.

"ஆமாண்ணி, பாதிக்கு மேல அப்படித்தான்," என்றாள் நளினி. "இங்க ஹலால் பாத்துத்தான் வாங்குவாங்க. பன்னி இருக்காது. அப்ப மாடுதானே."

ஆக அங்கமுத்து சொன்னது பொய்யில்லை. எட்டு மாதமாகத் தினமும் காலையில், குளித்துச் சாமி கும்பிட்ட கையோடு அதை விழுங்கியிருக்கிறாள்.

மறுநாள் கேப்சூலைப் பிரித்து, தூளை மட்டும் வாழைப்பழத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். நாக்கு கசந்து மரத்துப்போனது. அடுத்த நாளும் அப்படியே செய்தாள். ஆனால் எலும்பில் செய்த தோலுக்குள் இருந்த தூள் மட்டும் எப்படிச் சுத்தமாகும் என்ற கேள்வி வந்துவிட்டது. மூன்றாம் நாள் நிறுத்தினாள்.

கிளினிக்கில் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்துத்தான் மருந்து வாங்கும் நாளில் போனாள். கவுண்டரில் தூடோங் முக்காடு கட்டிய இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெஞ்சில் ஏழெட்டு மலாய்க்கார அம்மாக்கள். இதில் மாடு இருந்தால் எனக்கு வேண்டாம் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அவர்கள் சாப்பிடுவதை இவள் அசுத்தம் என்றதாக ஆகிவிடாதா? பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஹரிராயா பெருநாளுக்கு அவளுக்கென்று தனிச் சட்டியில் கோழி ரெண்டாங் வைத்து அனுப்புகிறவள். இந்த மாதிரி விஷயங்களை வாயால் சொல்லாமலே ஓட்டுவதுதான் அவள் பழகிய மரியாதை. எண் கூப்பிட்டார்கள். பவானேஸ்வரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. நன்றாகத் தூங்கினாள், நன்றாக ஓட்டினாள். மகத்தன்று வெயிலில் பால்குடத்தோடு படியேறி இறங்கினாள். அங்கமுத்து விபூதி பூசிவிட்டு, "பாத்தியா தங்கச்சி, மொகமே வேற மாதிரி இருக்கு," என்றார். சாமியே நோயை எடுத்துவிட்டார் என்று அவளும் முடிவு செய்தாள். அந்த வகை மருந்து உடம்பை விட்டு முழுதாக இறங்கவே பல வாரம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது. விரதம் முடிந்தும் கேப்சூலைத் தொடவில்லை. கவுன்சிலரைப் பார்க்கும் தேதியையும் விட்டுவிட்டாள். திவாகரிடம் எதையும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஏப்ரலில் அது திரும்பியது. இந்த முறை கை ஒத்துழைக்க மறுக்கவில்லை. அதுதான் ஆபத்து. அவள் ஒருநாள்கூடப் பிந்தவில்லை. உப்பை அளவுக் கரண்டியால் போட்டாள், அதனால் திவாகருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் யாராவது ஜோக் சொன்னால், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். இன்ஜின் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒருநாள், ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு திரும்பிக்கொண்டிருந்தாள். காலை ஏழரை மணி, நல்ல வெயில். அப்போது ஒரு நினைப்பு வந்தது. இந்த பஸ்ஸுக்கு வேறு ஆள் கிடைப்பான். மகளுக்குப் படிப்பு முடியப்போகிறது. நான் இல்லாதது இவர்களுக்குப் பழகிவிடும். அழுகையோ பதற்றமோ எதுவும் இல்லை. டூட்டி அட்டவணையில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை எழுதுவது போல, அவ்வளவு சாதாரணமாக அது வந்தது. போன முறை எவ்வளவு மோசமாக இருந்தபோதும் இது வந்ததில்லை. அது சாதாரணமாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

மூடியிருந்த ஒரு டுரியான் கடை வாசலில் பஸ்ஸை ஓரம் கட்டினாள். சாவியைப் பிடுங்கினாள். கீழே இறங்கி, கடையின் மரப்பலகையில் உட்கார்ந்து திவாகருக்குப் போன் போட்டாள்.

"பஸ்ஸுக்கு என்னாச்சு?" என்றான் அவன்.

"பஸ் நல்லா இருக்கு. எனக்குத்தான் முடியல. வாங்க."

ஆலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர அவனுக்கு இருபது நிமிடம் ஆனது. வந்ததும் அவள் முதலில் சாவியைக் கொடுத்தாள். பிறகு, மருந்தை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது என்றாள். பிறகு அந்த நினைப்பையும் சொன்னாள். திவாகர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான். என்ன குறை என்று கேட்கவில்லை. "மருந்து எங்க வச்சிருக்க?" என்றான்.

"வாங்கவே இல்லைங்க."

"சரி. ஏறு. கிளினிக் தெறந்திருக்கும்."

டாக்டர் வதனா சுற்றி வளைக்கவில்லை. "உயிரை விடுற யோசனை வந்ததா?" என்று நேராகக் கேட்டார். அந்தக் கேள்வியை ஒருவர் வாயால் கேட்டுவிட்டதே பவானேஸ்வரிக்குச் சுமை இறங்கியது போல இருந்தது. வந்தது என்றாள். எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாளா? இல்லை. டாக்டர் அப்போதே மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அன்று மத்தியானமே மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். திவாகரிடம், கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விட வேண்டாம் என்றார்.

"இப்ப சொல்லுங்க. ஏன் நிறுத்தினீங்க?"

பவானேஸ்வரி தரையைப் பார்த்தாள். சொல்வது அசிங்கமாக இருந்தது. விரதம், அங்கமுத்து, மாட்டு எலும்பு, கவுண்டரிலிருந்து எழுந்து போனது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கேப்சூலே இல்லாம, வெறும் மாத்திரையா வேற மருந்து இருக்கு. முதல் நாளே என்னட்டக் கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பன்."

"விரதத்துக்கு மட்டும்தானேன்னு நெனச்சேன்."

"சாமிக்குக் கோவம் வந்ததா, இல்ல மருந்தைக் காணேல்ல எண்டு மூளைக்குக் கோவம் வந்ததா? யோசிச்சுப் பாருங்க. இது ரெண்டாவது தரம். இனி ஆறு மாசம் காணாது. ரெண்டு வருஷமாவது சாப்பிட வேணும். மூண்டு வாரத்துக்கு பஸ் வேண்டாம். பிறகு பார்த்துத்தான் எழுதித் தருவன்."

ஆஸ்பத்திரி டாக்டரும் மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். அதை வாங்க அதே கிளினிக் கவுண்டருக்கு வந்தார்கள், அதே இளம்பெண்தான் இருந்தாள். இந்த முறை திவாகர் பக்கத்தில் நின்றான். பவானேஸ்வரி மலாயில், குரலைத் தாழ்த்தி, இதில் மாடு எதுவும் கலந்திருக்கிறதா, நாங்கள் சாப்பிடுவதில்லை என்று கேட்டாள். பெஞ்சில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் மருந்துப் பெட்டியில் இருந்த தாளை விரித்து, விரலால் வரி வரியாக ஓட்டிப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "இல்லை அக்கா, இது சுத்தம்," என்றாள். "இந்தியர்கள் நிறையப் பேர் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் பன்றி இருக்கிறதா என்று கேட்பதில்லையா? அதே மாதிரிதானே."

மறுநாள் சூப்பர்வைசருக்கு அவளே போன் செய்தாள்.

"திரும்பவும் சுகரா?" என்றார் அவர்.

"சுகர் இல்ல ஸேர். மனசுக்கு மருந்து சாப்படறேன். டாக்டர் ஓட்டலாம்னு எழுதித் தர்ற வரைக்கும் நான் பஸ்ஸ தொட மாட்டேன்."

"அப்ப முன்ன வந்தது?"

"அதுவும் இதான்."

"லெட்டர் கெடைச்சா கொண்டு வாங்க, பாப்போம்," என்றார். பாப்போம் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. திவாகர் கேட்கச் சொன்னான். வேலை போனாலும் போகட்டும், பொய் சொல்லி ஏற மாட்டேன் என்றாள்.

முதல் இரண்டு வாரம் மாத்திரை வயிற்றைப் புரட்டியதே தவிர வேறு எதுவும் செய்யவில்லை. நாள் முழுக்கப் படுத்திருந்தாள். திவாகர் இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பகலில் வீட்டில் இருந்தான். அவன் வேலைக்குப் போகும் நேரத்தில் நளினி வந்து துணைக்குப் படுத்தாள். கவுன்சிலர் ஒரு வேலை கொடுத்தார். மனம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தினமும் ஒருமுறை, ஒரு காரியத்துக்காக, வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். திவாகரோடு பாசார் சந்தைக்குப் போனாள். நூலகத்துக்குப் போய் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் போக இடம் தீர்ந்துபோனது. தன் பஸ்ஸிலேயே ஏறிப் போய் வரலாம் என்றாள். இரவு ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துத் திவாகரும் கூட ஏறினான்.

அவளுக்குப் பதில் ஓட்டியவன் தினேஸ்வரன். இருபத்தெட்டு வயது. அதுவரை சுற்றுலா பஸ் ஓட்டியவன். அவள் ஏறியதும் பெண்கள் இடம் விட்டார்கள்.

"அக்கா, எப்ப வரப்போறீங்க? இவன் ஓட்டறதுல எனக்கு மூணு மாசம் கர்ப்பம் மாதிரி கொமட்டுது."

"எங்க போனீங்க இத்தன நாளா?"

"ஒடம்பு சரியில்ல," என்று சொல்ல வந்தவள், "மனசு சரியில்லலா. மருந்து சாப்படறேன்," என்றாள். கேட்டவள் ஒரு கணம் பார்த்துவிட்டு, "என் மாமியாருக்கும் குடுக்கறாங்க. சாப்டுட்டுத்தான் மனுஷியா இருக்கு," என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

ரவுண்டானாவில் தினேஸ்வரன் தப்பான லேனில் நுழைந்தான். லாரிக்காரன் ஹார்ன் அடித்ததும் அழுத்திப் பிரேக் போட்டான். ஒருத்தியின் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடியிலிருந்து நழுவித் தரையில் சிதறியது. பிறகு இரண்டாவது கியரிலேயே மேட்டில் முனகிக்கொண்டு ஏறினான். ஏறிய பிறகும் மாற்றவில்லை. பவானேஸ்வரியின் இடது கால், கிளட்சை மிதிப்பது போல, முன்சீட்டின் கம்பியை மிதித்தது.

"டேய் தினேஸ்வரா," என்றாள். குரல் பஸ்ஸின் கடைசிவரை போனது. "அது கியர் பாக்ஸா, இல்ல உங்கப்பன் ஊட்டு அம்மியா? மூணாவதப் போடுலா."

பெண்கள் கைதட்டினார்கள். "சரிக்கா, சரிக்கா," என்று அவன் மூன்றாவதைப் போட்டான். பவானேஸ்வரிக்குக் காது சூடாகியிருந்தது. இது கோபம் என்று தெரிந்துகொள்ள அவளுக்குச் சில நொடிகள் ஆயின. ஏப்ரலிலிருந்து அவளுக்கு யார் மேலும், எதன் மேலும் கோபம் வந்ததில்லை. தினேஸ்வரன் இப்போது நான்காவதுக்குப் போக வேண்டும். போகவில்லை. அவள் சீட்டின் நுனிக்கு வந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.